பாலக்லாவாவுக்குப் போன பெட்சி: விக்டோரியா காலத்துப் போர்ச் செவிலியர் ஒருவரின் வாழ்க்கை

1855-ஆம் ஆண்டின் தொடக்கம். கருங்கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கிரைமியாவின் தென்முனையில் பாலக்லாவா என்றொரு சிறு துறைமுகம். அங்கே பிரிட்டிஷ் ராணுவம் நடத்திய மருத்துவமனையில், 65 வயதுப் பெண் ஒருவர் ஒரு சிப்பாயின் பாதங்களில் சுற்றியிருந்த பழைய கட்டுகளை அவிழ்க்கிறார். உறைபனியில் கருகிப்போன பாதங்கள். கட்டுத் துணியோடு சேர்ந்து இரண்டு கால்களின் விரல்களும் கழன்று வந்துவிடுகின்றன. இன்னொருவருக்கு மணிக்கட்டோடு கையே விழுந்துவிடுகிறது. ஆல்மா போரில் காயம்பட்ட மூன்றாமவரின் புண்ணை ஐந்து வாரமாக யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அந்த ஒரு புண்ணிலிருந்து மட்டும் ஒரு லிட்டருக்குக் குறையாமல் புழுக்களை எடுத்ததாகவும், மற்றவர்களிடமிருந்து கை கையாக அள்ளியதாகவும் அந்தப் பெண் பிற்பாடு சொல்லி எழுத வைத்தார்.

அவர் பெயர் பெட்சி கட்வலாடர். பிரிட்டனின் மேற்குப் பகுதியான வேல்ஸில் பிறந்தவர். தாய்மொழி வெல்ஷ்.

நம் பள்ளிப் பாடங்களில் அன்று நடந்துகொண்டிருந்த அந்தக் கிரைமியப் போரைப் பற்றி நமக்கு அறிமுகமாகும் ஒரே பெயர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், கைவிளக்கேந்திய காரிகை. அவரை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் காலத்துப் போர்ச் செவிலியர் எப்படி வாழ்ந்தார் என்று புரிந்துகொள்ள முடியாது. நைட்டிங்கேல் பெரும் பணக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். அமைச்சர்களோடு பழக்கமுள்ளவர். கிரைமியப் போரில் வேலை செய்த செவிலியர்களில் பலரோ கூலிக்கு உழைத்த சாதாரணப் பெண்கள். அவர்களில் தன் கதையைச் சொல்லிவிட்டுப் போனவர்கள் மிகக் குறைவு. பெட்சி சொன்னார். அதனால்தான் அவரை வைத்து இதை விளக்க நினைக்கிறேன்.

அப்போது செவிலியர் என்றால் யார்?

இன்று செவிலியர் என்றால் படிப்பு, தேர்வு, பதிவு எண், சீருடை எல்லாம் நினைவுக்கு வரும். 1850-களின் பிரிட்டனில் இவற்றில் எதுவும் கிடையாது. செவிலியருக்கான அரசுப் பதிவேடு அங்கே சட்டமானதே 1919-இல்தான். பெட்சியின் காலத்தில் மருத்துவமனைச் செவிலியர் ஏறத்தாழ வீட்டு வேலைக்காரிக்கு நிகராகக் கருதப்பட்டார். தரை கழுவுவது, கரி அள்ளிப்போடுவது, மலச்சட்டியை அகற்றுவது, நோயாளிக்கு ஊட்டுவது எல்லாமே அவர் வேலை. குடிப்பார்கள், நோயாளியிடம் காசு பறிப்பார்கள் என்ற கெட்ட பெயரும் அந்த வேலைக்கு இருந்தது. சிலர் அப்படி இருந்திருக்கலாம். ஆனால் பிரசவம் பார்ப்பது, காய்ச்சல்காரருக்கு இரவெல்லாம் கண்விழிப்பது, பிணத்தைக் குளிப்பாட்டுவது என்று ஊர்தோறும் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர்களும் இதே வர்க்கத்துப் பெண்கள்தான். அவர்களின் கல்வி முழுக்கக் கைப்பழக்கம். எழுத்தில் இல்லாததால் அது கல்வியாக மதிக்கப்படவில்லை.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். நோயைப் பரப்புவது கிருமி என்பது அன்று நிலைநாட்டப்படாத உண்மை. அறுவை சிகிச்சையில் கிருமிநாசினி பயன்படுத்தும் முறையை அறுவை மருத்துவர் லிஸ்டர் வெளியிட்டது 1867-இல். மயக்க மருந்தான குளோரோஃபார்ம் மட்டும் 1847-இல் வந்துவிட்டது. ஆகவே கிரைமியாவில் ஒரு செவிலியரின் கையில் இருந்தவை வெந்நீர், சுத்தமான துணி, பற்று, சூப்பு, கொஞ்சம் ஒயின், அவ்வளவுதான். இவற்றை வைத்தே பல உயிர்களைக் காக்க முடிந்தது என்பது மிகைப்பேச்சு இல்லை.

ஜன்னல் வழியே இறங்கிய சிறுமி

வடக்கு வேல்ஸில் பாலா என்ற சிற்றூர். பெரிய ஏரியும் மலைகளும் சூழ்ந்த இடம். அதையொட்டிய லானகில் என்ற கிராமத்தில் 1789 மே 24 அன்று பெட்சி பிறந்தார். தந்தை டாஃபித் கட்வலாடர் விவசாயி. மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவச் சபையின் போதகராகவும் பெயர் பெற்றவர். வீட்டில் 16 பிள்ளைகள். பெட்சி மிகச் சிறியவளாக இருக்கும்போதே தாய் இறந்துவிட்டார். சில ஆண்டுகளில் ஊரிலிருந்த நிலவுடைமையாளர் வீட்டில் சிறுமி சேர்ந்தாள். வீட்டு வேலைகளையும் ஆங்கிலத்தையும் அங்கேதான் கற்றாள். வெல்ஷ் மக்களின் மூன்று வரிசை நரம்பு யாழை வாசிக்கவும் அங்கேதான் பழகினாள்.

14 வயதில் ஒரு நாள், படுக்கைத் துணிகளை ஒன்றோடொன்று முடிந்து, படுக்கையறை ஜன்னலில் கட்டி, இறங்கி ஓடிவிட்டாள். யாரும் அடித்து விரட்டவில்லை. உலகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் காரணம். லிவர்பூலில் வீட்டு வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு சிக்கல் வந்தது. 'கட்வலாடர்' என்ற பெயர் ஆங்கிலேயர் வாயில் நுழையவில்லை. பழைய வெல்ஷ் அரசர் ஒருவரின் பெயர் அது. அதை விட்டுவிட்டு எலிசபெத் டேவிஸ் ஆனார். இந்தப் பெயர் விஷயத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன்.

பிறகு வேலைக்காரியாகவே ஐரோப்பாவைச் சுற்றினார். 1815-இல் வாட்டர்லூ போர் முடிந்தபின் அந்தப் போர்க்களத்தைப் பார்த்தார். 1820 வாக்கில் ஒரு கப்பல் தலைவரின் குடும்பத்தில் பணிப்பெண்ணாகச் சேர்ந்து, மேற்கிந்தியத் தீவுகள், தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, சீனா, இந்தியா என்று பல ஆண்டுகள் கடலிலேயே கழித்தார். அந்தப் பயணங்களில் சந்தித்தவர்களில் ஒருவராகப் பிஷப் ஹீபரைச் சொல்கிறார். 1826-இல் திருச்சியில் இறந்து அங்கேயே அடக்கமான அதே ஹீபர்தான். அவர் பெயரில் திருச்சியில் கல்லூரி இருக்கிறது. கப்பலில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றாலும், ஒருத்திக்குப் பேறுகால வலி வந்தாலும் பெட்சியைத்தான் கூப்பிட்டார்கள். செவிலிப் பணி அவரிடம் அப்படித்தான் வந்து ஒட்டிக்கொண்டது.

திருமணம் செய்துகொள்ளவில்லை. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் கேட்டதாகச் சொல்கிறார். வாழ்க்கைக் கதையில் பெருமையடித்துக்கொள்ளும் இடங்கள் சில உண்டு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். முதுமையில் கதை சொல்பவர் யாரிடத்தில் அது இல்லை? சேமிப்பை இழந்து, லண்டனுக்குத் திரும்பி, கைஸ் மருத்துவமனையில் சிறிது காலம் செவிலியராக இருந்தார். பிறகு வீடுகளுக்குச் சென்று நோயாளிகளைக் கவனித்தார்.

போர் ஏன், மருத்துவமனை எங்கே?

1853-இல் ரஷ்யாவுக்கும் ஓட்டோமான் துருக்கிக்கும் இடையே போர் மூண்டது. ரஷ்யா தெற்கு நோக்கிப் பெருகுவதைத் தடுக்க பிரிட்டனும் பிரான்சும் துருக்கியின் பக்கம் சேர்ந்தன. 1854 செப்டம்பரில் கூட்டுப்படை கிரைமியாவில் இறங்கி, செவஸ்டபோல் கோட்டைத் துறைமுகத்தை முற்றுகையிட்டது. செப்டம்பர் 20 அன்று ஆல்மா ஆற்றங்கரையில் முதல் பெரும் போர்.

இங்கே ஒரு நில அமைப்பைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தெளிவாகும். சண்டை கிரைமியாவில். பிரிட்டிஷ் ராணுவத்தின் பெரிய மருத்துவமனையோ கருங்கடலுக்கு அப்பால், இன்றைய இஸ்தான்புல்லின் உஸ்குதார் பகுதியில், அன்று ஸ்குட்டாரி என்று அழைக்கப்பட்ட இடத்தில். நடுவே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் கடல். காயம்பட்டவரையும் காலரா கண்டவரையும் ஒரே கப்பலில் நெருக்கி ஏற்றி அந்தக் கடலைக் கடத்தினார்கள். வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். பிழைத்து வந்தவர்களை அடைத்த கட்டடத்துக்கு அடியில் சாக்கடை அடைத்துக் கிடந்தது. முற்றுகை நடந்த இடத்துக்கு அருகிலேயே, பாலக்லாவாவில், வேறொரு மருத்துவமனையும் இருந்தது. பெட்சி போக விரும்பியது அங்கேதான்.

அந்தக் குளிர்காலம் கொடுமையானது. 1854 நவம்பர் 14 அன்று வீசிய புயலில் பாலக்லாவாவுக்கு வெளியே நின்ற கப்பல்கள் மூழ்கின. வீரர்களுக்கு வந்த கம்பளி உடைகளும் அவற்றோடு போயின. சிப்பாய்களுக்குக் காபிக்கொட்டை பங்கீடு உண்டு. ஆனால் வறுக்காத பச்சைக்கொட்டையாகக் கொடுத்தார்கள், வறுக்க விறகில்லை, அரைக்கக் கருவியில்லை. இந்தப் போரில் 20,000-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் இறந்தார்கள். சண்டையில் விழுந்தவர்களையும் காயத்தால் இறந்தவர்களையும் சேர்த்தாலும் அதில் நான்கில் ஒரு பங்குகூட வராது. மற்றவர்களைக் கொன்றது காலராவும் வயிற்றுக்கடுப்பும் காய்ச்சலும் குளிரும்.

'தி டைம்ஸ்' பத்திரிகை நிருபர்கள் இதையெல்லாம் எழுதி அனுப்பினார்கள். முன்பெல்லாம் போர்ச் செய்தி என்றால் தளபதியின் அறிக்கை மட்டும்தான். இப்போது காலை உணவு மேசையில் மக்கள் தங்கள் பிள்ளைகள் சேற்றில் அழுகுவதைப் படித்தார்கள். நாடே கொதித்தது. போர்த்துறை அமைச்சராக இருந்த சிட்னி ஹெர்பர்ட் கேட்டுக்கொண்டதன்பேரில் நைட்டிங்கேல் 38 பெண்களோடு புறப்பட்டு நவம்பர் 4 அன்று ஸ்குட்டாரி சேர்ந்தார். ஆல்மா செய்தியைக் கேட்ட பெட்சியும் பெயர் கொடுத்தார். மேரி ஸ்டான்லி என்பவர் தலைமையில் டிசம்பரில் புறப்பட்ட இரண்டாவது குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது.

அவர்களுக்குக் கொடுத்த உடையையும் சொல்ல வேண்டும். சாம்பல் நிறத்தில் முரட்டுத் துணி கவுன், கம்பளி மேலங்கி, வெள்ளைத் தொப்பி, தோளில் குறுக்கே ஒரு பழுப்புப் பட்டை. பட்டையில் சிவப்பு நூலால் 'ஸ்குட்டாரி மருத்துவமனை' என்று பின்னியிருக்கும். அளவெடுத்துத் தைத்தவை இல்லை. உயரமானவருக்குக் குட்டையாகவும் குள்ளமானவருக்குத் தரையில் புரளும்படியும் வந்து சேர்ந்தன. அழகுக்காக அந்த உடை தரப்படவில்லை. ஆயிரக்கணக்கான ஆண்கள் நடுவே இவர் செவிலியர், இவரைத் தொடக்கூடாது என்று அறிவிப்பதற்காகத் தரப்பட்டது.

கிடங்குச் சாவியும் ஒரு கிண்ணம் சூப்பும்

இரண்டாவது குழு வந்து இறங்கியபோது நைட்டிங்கேல் மகிழவில்லை, கோபப்பட்டார். தான் கேட்காமல் மேலும் பெண்களை அனுப்பக்கூடாது என்பது அவரோடு செய்த ஏற்பாடு. தங்கவைக்க இடமும் இல்லை. பெட்சியும் மற்றவர்களும் முதலில் இஸ்தான்புல்லை ஒட்டிய பாஸ்பரஸ் நீரிணையின் கரையிலிருந்த தெராப்பியாவில் காத்திருந்தார்கள். பிறகு ஸ்குட்டாரிக்குப் போன பெட்சிக்குக் கிடைத்த வேலை, பழைய சட்டைகளைத் தைப்பதும் மட்கிய துணிகளைப் பிரித்துவைப்பதும். அடுத்த கூடங்களில் மனிதர்கள் செத்துக்கொண்டிருக்க, ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பது எப்படி இருந்திருக்கும்!

நைட்டிங்கேலைப் பார்ப்பதற்கு முன்பே, அந்தப் பெயரைக் கேட்டதுமே தனக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று பெட்சி வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஒருவருக்கு வயது 34, இன்னொருவருக்கு 65. ஒருவர் சீமாட்டி, இன்னொருவர் வேலைக்காரி. ஒருவர் ஆங்கிலேயர், இன்னொருவர் ஆங்கிலேயருக்காகப் பெயரையே மாற்றிக்கொண்ட வெல்ஷ்காரர். இந்த உரசலைக் குணப்பொருத்தமின்மை என்று சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். எனக்கு அது போதவில்லை. செவிலிப்பணியைப் பற்றிய இரண்டு கருத்துகள் அங்கே மோதின.

நம் அரசு மருத்துவமனைகளில் 'இண்டெண்ட்' என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். வார்டுக்குப் பஞ்சு வேண்டுமென்றால் பட்டியல் எழுதி, பொறுப்பாளர் கையெழுத்திட்டு, கிடங்குக்கு அனுப்பி, பிறகுதான் பொருள் வரும். நைட்டிங்கேல் கண்டிப்பாகப் பின்பற்றியது இதைத்தான். மருத்துவர் கையெழுத்திட்டுக் கேட்காமல் ஒரு சட்டையோ ஒரு கிண்ணம் சூப்போ நோயாளிக்குப் போகக்கூடாது. இரவு எட்டு மணிக்கு மேல் செவிலியர்கள் வார்டுக்குள் போகக்கூடாது என்றும் விதித்தார். இதில் நியாயம் இருந்தது. பெண்கள் ராணுவ மருத்துவமனைக்குள் வந்ததையே பல மருத்துவர்கள் விரும்பவில்லை. ஒரு பெண் தன்னிஷ்டப்படி மருத்துவம் பார்த்தாள், சாராயம் கொடுத்தாள் என்று ஒரு புகார் எழுந்தால் போதும், எல்லோரையும் அடுத்த கப்பலில் ஏற்றியிருப்பார்கள்.

பெட்சி பார்த்தது வேறு. பிரிட்டனின் ஏழை எளியவர்கள்கூடச் சட்டையும் காலுறையும் பழைய துணியுமாக மூட்டை கட்டி வீரர்களுக்கு அனுப்பியிருந்தார்கள். அவை கிடங்கில் இருந்தன. வீரர்கள் ஈரத் துணியில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நின்றது ஒரு கையெழுத்து. அதை அவரால் ஏற்க முடியவில்லை.

படைத்தளபதி ரேக்லன் பிரபு பாலக்லாவாவுக்குச் செவிலியர்கள் வேண்டும் என்று கேட்டபோது, பெட்சி போகிறேன் என்றார். நைட்டிங்கேலுக்கு விருப்பமில்லை. 1855 ஜனவரியில் ஒரு சிறு குழு கிளம்பியது. அங்கே அவர் கண்ட காட்சியைத்தான் தொடக்கத்தில் சொன்னேன்.

புழுக்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இன்றைய மருத்துவத்தில், ஆய்வகத்தில் சுத்தமாக வளர்த்த புழுக்களைக் கொண்டு அழுகிய சதையை நீக்கும் சிகிச்சை இருக்கிறது. பாலக்லாவாவில் நடந்தது அதுவன்று. வாரக்கணக்கில் ஒரு மனிதரின் அருகில் யாரும் போகவில்லை என்பதற்கான சாட்சி அது. அந்தப் புண்களைக் கழுவியதற்காகப் பெட்சியைப் பாராட்டுவது எளிது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, எத்தனை வாரம் கட்டு மாற்றப்படவில்லை என்பதை அவர் மனதில் குறித்துக்கொண்டார் என்பது. அதனால்தான் நமக்கு இன்று இந்தச் செய்தி தெரிகிறது.

அவருக்குத் தாதி வேலையைவிடச் சமையலறையில்தான் நெடுங்காலப் பழக்கம். நோயாளிகளுக்கான தனி உணவு தயாரிக்கும் அடுக்களைப் பொறுப்பு அவரிடம் வந்தது. ராணுவப் பங்கீடு என்றால் உப்புக்கண்டமும் கல்போன்ற பிஸ்கட்டும். சத்துக்குறைவால் வரும் ஸ்கர்வி நோய் கண்டு ஈறு வீங்கியவருக்கு அதைக் கடிக்கவே முடியாது. கஞ்சி, சூப்பு, மென்மையான இறைச்சி, கொஞ்சம் ஒயின், இவைதான் அவர்களுக்கு மருந்து. கிடைத்த இடத்திலெல்லாம் கேட்டு வாங்கினார், விதிமுறை பார்க்கவில்லை. ஒரு நாளில் 20 மணி நேரம் வரை உழைத்தார். வரைமுறையில்லாமல் செலவழிக்கிறார் என்ற குற்றச்சாட்டு நைட்டிங்கேல் பக்கத்திலிருந்து வந்தது. கணக்குப்படி அது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த அடுக்களையிலிருந்து போன கிண்ணம் வெறும் வயிற்றுக்குப் போனது.

நைட்டிங்கேலின் ஒழுங்குமுறை தேவையற்றது என்று நான் சொல்லவரவில்லை. 1855 மார்ச்சில் லண்டனிலிருந்து வந்த சுகாதாரக் குழு ஸ்குட்டாரியின் சாக்கடையைத் தூர்வாரியபின் அங்கே சாவு மளமளவென்று குறைந்தது. அந்தப் பாடத்தை எண்களாகவும் வரைபடங்களாகவும் மாற்றி அரசாங்கத்தை அசைத்தவர் நைட்டிங்கேல். பெட்சியால் அதைச் செய்திருக்க முடியாது. அதே நேரம், அந்தச் சாக்கடை சுத்தமாகும்வரை காத்திருக்க முடியாத சிப்பாய்க்குப் பெட்சி தேவைப்பட்டார். வரலாறு முதலாமவரின் கோப்புகளைப் பத்திரப்படுத்தியது. இரண்டாமவர் கோப்பு எதையும் வைத்திருக்கவில்லை.

திரும்பியபின்

காலராவும் வயிற்றுக்கடுப்பும் கடைசியில் பெட்சியையும் பிடித்தன. 1855 முடிவதற்குள் உடைந்த உடம்போடு நாடு திரும்பினார். போர் 1856 மார்ச் 30 அன்று பாரிஸ் உடன்படிக்கையோடு முடிந்தது. லண்டனில் சகோதரியின் ஆதரவில், வறுமையில் இருந்த அவரைத் தேடிவந்தவர் ஜேன் வில்லியம்ஸ், வேல்ஸ் வரலாற்றில் ஈடுபாடுள்ள எழுத்தாளர். பெட்சி சொல்லச் சொல்ல அவர் எழுதினார். 1857-இல் இரண்டு தொகுதிகளாக வாழ்க்கைக் கதை வெளிவந்தது, எலிசபெத் டேவிஸ் என்ற பெயரில். அதே ஆண்டில், ஜமைக்காவிலிருந்து தன் சொந்தச் செலவில் கிரைமியா போய் வீரர்களைக் கவனித்த மேரி சீக்கோலின் நூலும் வந்தது. நைட்டிங்கேலின் குழுவுக்கு வெளியே நின்ற இரண்டு பெண்களின் குரல் ஒரே ஆண்டில் அச்சேறியது. இரண்டும் பிறகு நெடுங்காலம் மறக்கப்பட்டன.

1860 கோடையில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் பெயரால் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. நவீன செவிலியர் கல்வியின் பிறப்பு என்று அதைச் சொல்வார்கள். அதே கோடையில், ஜூலை 17 அன்று, பெட்சி இறந்தார். வடக்கு லண்டனில் ஏப்னி பார்க் கல்லறைத் தோட்டத்தில், ஏழைகளுக்கான பொதுக் குழியில், வேறு சிலரோடு சேர்த்துப் புதைத்தார்கள். கல் எதுவும் நடவில்லை.

152 ஆண்டுகள் கழித்து, 2012-இல், அந்த இடத்தில் ஒரு நினைவுக்கல் எழுந்தது. அதற்கு முன்பே, 2009-இல், வடக்கு வேல்ஸின் அரசு மருத்துவமனைகளை நிர்வகிக்கும் பொதுச் சுகாதார வாரியத்துக்கு அவர் பெயரைச் சூட்டியிருந்தார்கள். பாலாவில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும், பேங்கர் நகரத்தில் ஒரு முதியவருக்கு அறுவை சிகிச்சை என்றாலும், கடிதத்தின் தலைப்பில் அந்தப் பெயர் இருக்கும். அந்தப் பகுதி மக்கள் சுருக்கமாக 'பெட்சி' என்கிறார்கள். முழுப்பெயரில் டேவிஸ் இல்லை. ஆங்கிலேயர் வாயில் நுழையாது என்று 14 வயதில் அவர் கழற்றி வைத்த கட்வலாடர்தான் இருக்கிறது.